கறைக்காரி கேட்ட காலடி

கறையை எடுப்பவளுக்குக் கறைக்காரி என்று பெயர் வைப்பது என்ன நியாயம் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. திருடனைப் பிடிக்கிறவரைத் திருடர் என்றா கூப்பிடுகிறோம்? ஆனாலும் லாண்டிரிக்கு வருகிறவர்கள் துணியை மேசைமேல் விரித்து, ஒரு இடத்தை விரலால் தொட்டும் தொடாமலும் காட்டி, "இதை உங்க கறைக்காரிகிட்ட குடுங்க, வேற யாரும் கை வைக்க வேணாம்" என்றுதான் சொல்வார்கள். மரியாதைதான். சில மரியாதைகள் வசவு மாதிரி உடுத்திக்கொண்டு வரும்.

அவளுடைய அறை கடையின் பின்பக்கம், கொதிகலனுக்கும் மாடிப்படிக்கும் நடுவில். தகரம் போர்த்திய ஒரு மேசை, ஆறு தொட்டிகள், ஒரு குழாய், பெயர்ச்சீட்டு இல்லாத பதினோரு புட்டிகள். எதில் என்ன என்பது அவள் மூக்குக்குத் தெரியும். மை, கிரீஸ், துரு, உதட்டுச்சாயம், இருமல் மருந்து, எதுவானாலும் அவளுக்கு ஒரே சட்டம். முதலில் குளிர்ந்த தண்ணீரில் அரைமணி ஊறப்போடு. பிறகு எடுத்துப் பார். அப்போது எது மிச்சமிருக்கிறதோ அதற்குத்தான் கறை என்று பெயர். போனதெல்லாம் வெறும் அழுக்கு, அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. சீட்டில் கறையின் அளவை எழுதுவதும் அந்த அரைமணிக்குப் பிறகுதான். முன்னாலேயே எழுதினால், "வர்றவங்களை ஏம்மா பயமுறுத்தறே?" என்பார் முதலாளி.

கறைகளிலேயே சாதுவானது ரத்தம் என்பது அவள் கட்சி. சுடுதண்ணீர் பட்டால்தான் முரண்டு பிடிக்கும். குளிர்ந்த தண்ணீரில் கூப்பிட்டால் பேசாமல் வந்துவிடும். இதை அவள் கற்றது லாண்டிரியில் இல்லை, ஒன்பது வயதில், வீட்டுக் குளியலறையில். தங்கச்சி பிறந்து ஆறு நாள் ஆகியிருந்தது. நல்லபடியாக முடிந்தது என்று சொந்தபந்தமெல்லாம் கிளம்பிப் போன பிறகு, அம்மாவுக்கு மறுபடி ரத்தம் போக ஆரம்பித்தது. விரிப்பை மாற்ற மாற்ற நனைந்தது. அப்பா வண்டி பிடிக்க ஓடினார். அவள் விரிப்புகளை வாளியில் போட்டு அலசினாள். ஒவ்வொன்றும் வெள்ளையாக வெளியே வந்தது. அவளுக்கு அதில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. அப்பா வண்டியோடு திரும்பியபோது கொடியில் ஏழு விரிப்புகள் பளிச்சென்று தொங்கிக்கொண்டிருந்தன. கட்டிலில் அம்மாவும் அதே நிறத்தில் இருந்தாள்.

பிறகு தங்கச்சியை வளர்த்தது அவள்தான். "அம்மா எப்படிச் செத்தாங்க?" என்று தங்கச்சி கேட்ட வயதில், "காய்ச்சல்" என்று சொல்லி முடித்துவிட்டாள். நீ பிறந்ததால்தான் என்று ஒரு குழந்தையிடம் எப்படிச் சொல்வது? நடுவில் அவளுக்கும் கல்யாணம் என்று ஒன்று நடந்தது. அது மூன்று வருஷம் இருந்துவிட்டுத் தானாகவே போய்விட்டது, தழும்பு இல்லை. இப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று. தங்கச்சிக்கு முப்பத்து நான்கு, எட்டு வருஷம் காத்திருந்து வந்த முதல் பிள்ளை, ஏழாவது மாதம்.

"எல்லாம் நார்மல்க்கா. நீ மூஞ்சியை அப்படி வெச்சுக்காதே" என்பாள் தங்கச்சி.

"என் மூஞ்சியே அப்படித்தான்."

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பிள்ளை பிறந்து ஏழாவது நாள் தங்கச்சி உயிரோடு இருக்க வேண்டும். எட்டாவது நாளைத் தங்கச்சியே பார்த்துக்கொள்வாள்.

காலடிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது அந்த மாதம்தான்.

கடை மாடியில் இரண்டு அறைகள். முதலாளியின் தாயார் அங்கே இருந்து, அங்கேயே கண்ணை மூடி இரண்டு வருஷம். அதற்குப் பிறகு பூட்டித்தான் கிடக்கிறது. ஒரு மதியம், கொதிகலனை அணைத்த பின் வரும் அமைதியில், கறைக்காரியின் தலைக்கு மேலே யாரோ நடந்தார்கள். வெறுங்கால். அவசரமே இல்லை. டொப். டொப். டொப். அவள் உத்தரத்தை அண்ணாந்து பார்த்தாள். சத்தம் கிட்டேயும் வரவில்லை, தள்ளியும் போகவில்லை, ஒரே இடத்தில் நின்றபடி நடந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு நாலு படி ஏறிப் பார்த்தாள். மேலே நடப்பவர் வேகத்தைக் கூட்டினார். அவள் நின்றாள். அவர் இன்னும் கொஞ்சம் ஓடிவிட்டு மெல்லத் தணிந்தார். தன்னைப் பார்த்துத்தான் நடக்கிறார் என்று புரிந்தபோது அவள் நாலு படியையும் இறங்கிவிட்டாள். எவ்வளவு மரியாதை தெரிந்த ஆவி என்றும் தோன்றியது.

அடுத்த அறையில் இஸ்திரிக்காரர். இருபது வருஷமாகச் சேர்ந்து வேலை பார்க்கிறவர்.

"அண்ணே, மேல சத்தம் கேக்குதா?"

"எலியா?"

"மனுஷக் கால்."

அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் காதைத் தீட்டினார். "ஒண்ணும் கேக்கலையே."

"இப்பவும் நடக்கறாங்க."

"இப்பவா?"

"இப்பதான்."

இஸ்திரிக்காரர் நெற்றி வியர்வையைத் துடைத்தார். அது சூட்டால் வந்த வியர்வை இல்லை. "ரெண்டு பேருக்கும் கேட்டா எலின்னு சொல்லிட்டுப் போயிடலாம்மா. உனக்கு மட்டும் கேக்குதுன்னா, அது எலி இல்ல."

மறுநாளிலிருந்து அவர் வேலையைத் தொடங்குமுன் மாடிப்படியைப் பார்த்துக் கைகட்டி நிற்க ஆரம்பித்தார். "பெரியம்மா, நான் இஸ்திரி போடறவன். உங்க நீலப் போர்வையைக் கருக்கினது நான்தான். அப்ப மின்சாரம் மேல பழியைப் போட்டுட்டேன். மன்னிச்சு விட்டுடுங்க."

அதே சமயத்தில் கஞ்சி மாவும் காணாமல் போக ஆரம்பித்தது. சட்டைக் காலரும் மேசை விரிப்பும் விறைப்பாக நிற்பதற்காகக் கரைக்கும் வெள்ளை மாவு. தகர டப்பா நிறைய இருந்தது வாரா வாரம் இறங்கியது. முதலாளிக்குச் சேதி போனபோது அவர் கோபிப்பார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் கண் கலங்கிப்போய் நின்றார். "எங்கம்மாவுக்குக் கஞ்சி போட்ட துணின்னா உசிரு. தேடி வந்திருக்காங்க." டப்பாவை நிரப்பி, மூடியைக் கொஞ்சம் திறந்தே வைக்கச் சொன்னார்.

மாவைத் தின்றது கறைக்காரி.

ஏன் என்று அவளுக்கே தெரியாது. ருசி இல்லை, மணம் இல்லை. பல்லில் பட்டதும் நறநறவென்று ஒரு சுகம், அவ்வளவுதான். யாரும் பார்க்காதபோது ஒரு கரண்டி, பிறகு இரண்டு. கரண்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, பெரியம்மாமேல் பழி விழுவதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். செத்தவர்களுக்கு மறுப்புச் சொல்லத் தெரியாது என்பதில் உயிரோடிருப்பவர்களுக்கு எவ்வளவு சௌகரியம்!

அவள் வெளுத்துக்கொண்டும் வந்தாள். அது யாரையும் பயமுறுத்தவில்லை என்பதுதான் வேடிக்கை. "என்னம்மா, கலர் ஏறிட்டே வருது? முகத்துக்கு என்ன போடறே?" என்று கவுன்ட்டரில் ஒரு அம்மாள் பொறாமையோடு கேட்டாள். கண்ணாடியில் பார்த்தபோது கறைக்காரிக்கு அந்த நிறத்தை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே என்று யோசிக்கப் பிடிக்கவில்லை.

தங்கச்சி பெயர் பதிந்து வைத்திருந்த சின்ன மருத்துவமனை அவள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். பிரசவத்துக்கு முன் சொந்தத்தில் ஒருவர் ரத்தம் கொடுத்து வைக்க வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். கறைக்காரிதான் கிளம்பிப் போனாள். ரத்த வங்கியில் இருந்த பெண் அவள் விரல் நுனியில் குத்தி, நீலத் திரவம் இருந்த கண்ணாடிக் குப்பியில் ஒரு சொட்டை விட்டாள்.

"நேரா அடியில போய் உக்காந்துக்கும், பாருங்க."

சொட்டு போகவில்லை. பாதி வழியில் நின்று யோசித்தது. பிறகு, எதையோ மறந்துவிட்டு வந்தவர் திரும்புவதுபோல், மெதுவாக மேலே ஏறி வந்தது. இரண்டாவது சொட்டும் அப்படியே. மூன்றாவது இறங்கவே மறுத்துவிட்டது. நீலத்தின்மேல் மூன்று சிவப்புப் பொட்டுகள் மிதந்தன. அந்தப் பெண் குப்பியைப் பார்த்தாள், கறைக்காரியின் நகங்களைப் பார்த்தாள், கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க எப்படி நடந்து வந்தீங்க?"

"பஸ்ல வந்தேன்."

ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் அவளிடம் ஐந்தேகால் இருந்தது. கொடுக்க வந்தவளை அப்படியே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

பெண்கள் பிரிவில் இருந்த டாக்டரம்மா, ஆறிப்போன டீயைத் தொடாமல் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருப்பவர்.

"மாசாமாசம் எவ்வளவு போகும்?"

"எல்லாருக்கும் போறதுதான்."

"எல்லாருக்கும் எவ்வளவு போகும்?"

கறைக்காரி இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "எங்க வீட்டுல போற அளவுதான்."

"எத்தனை நாள்?"

ஐந்து என்றாள். உண்மையில் பத்து. ஆனால் பின்னால் வரும் ஐந்து நாளும் அவள் கணக்கில் கறை இல்லை.

"கட்டி கட்டியா விழுமா?"

"அலசினா போயிடும், டாக்டர்."

"போகுமான்னு கேக்கலைம்மா. விழுமான்னு கேட்டேன்."

"எப்பவாவது."

"எத்தனை மணிக்கு ஒருதரம் மாத்துவீங்க? ராத்திரி எழுந்திருக்க வேண்டியிருக்கா?"

"துணிதான் வெச்சுக்கறது. நனைஞ்சா மாத்துவேன். எனக்குத் தூக்கமே கம்மிதான்."

டாக்டர் எழுதினார். எழுதியது எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை என்பது பேனா போன வேகத்தில் தெரிந்தது. "வேற ஏதாவது தொந்தரவு?"

இதைச் சொல்லக்கூடாது என்றுதான் வந்திருந்தாள். "கடை மாடியில யாரோ நடக்கறாங்க. இங்கயும் நடக்கறாங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, ஸ்டெதாஸ்கோப்பின் நுனியை அவள் கழுத்தின் பக்கவாட்டில், காதுக்குக் கீழே வைத்தார். "மூச்சை நிறுத்துங்க." அறையில் மின்விசிறியின் கரகரப்பு மட்டும். டாக்டரின் முகம் மெல்ல மாறியது. தூரத்தில் வருகிறவரை அடையாளம் கண்டுகொண்டதுபோல்.

"ஆமா" என்றார். "நடக்கறாங்க."

இத்தனை நாளும் யாருக்கும் கேட்காமல் இருந்ததே பரவாயில்லை. டாக்டர் இரண்டு விரலால் கழுத்தை மெல்ல அழுத்தினார். காலடி நின்றது. விரலை எடுத்தார். நடக்க ஆரம்பித்தது. மறுபடி அழுத்தினார். நின்றது.

"உங்க ரத்தம்தான்மா. ரொம்ப நீர்த்துப்போச்சு. இருக்கறதை வெச்சு ஒப்பேத்தணும்னு இதயம் தலைதெறிக்க ஓடுது. அந்த ஓட்டம் காதுக்குக் கேக்குது."

இது ஆறுதலா இல்லையா என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை. மாடியில் இருப்பவரையாவது பூட்டி வைக்கலாம்.

மாவு விஷயத்தையும் சொல்லிவிட்டாள். "ஐஸ் தின்னறவங்களைப் பாத்திருக்கேன், சாக்பீஸ் தின்னறவங்களைப் பாத்திருக்கேன்" என்றார் டாக்டர். "லாண்டிரிக் கஞ்சி எனக்குப் புதுசு. இரும்புச்சத்து வற்றிப்போனா நாக்கு இப்படி எதையாவது தேடும்." அன்றே கையில் ஊசி குத்தி இரும்புச்சத்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி இல்லை, தைராய்டும் சரி. "இவ்வளவு ரத்தம் எங்க போச்சு?" என்பதுதான் மிச்சம். டாக்டர் ஒரு தாளைக் கொடுத்தார். அதில் மூன்று படங்கள். லேசாக நனைந்த துணி, பாதி நனைந்த துணி, முழுக்க நனைந்த துணி. மாற்றும் ஒவ்வொரு முறையும் எந்தப் படமோ அதற்கு நேரே ஒரு கோடு. படத்துக்குப் படம் மதிப்பெண் வேறு, எல்லாம் கூட்டினால் நூறைத் தாண்டக் கூடாது.

"கறையைப் பார்த்து அளவு சொல்ற வேலைதானே டாக்டர்? அது எனக்கு அத்துப்படி" என்றாள் அவள். டாக்டரும் நம்பிவிட்டார்.

அன்று மாலை தங்கச்சி வீட்டில், குட்டிச் சட்டைகளை மடித்தபடி நடந்ததைச் சொன்னாள்.

"காதுக்குள்ள நடக்கற சத்தமா?" என்றாள் தங்கச்சி. "அது எல்லாருக்கும் கேக்கும்ல?"

கறைக்காரி மடிப்பதை நிறுத்தினாள். "உனக்குக் கேக்குமா?"

"வயசுக்கு வந்ததுலேருந்து. மாசத்துல ஒரு வாரம் பலமா நடப்பாங்க, அப்புறம் போயிடுவாங்க. ஸ்கூல்ல அந்த வாரம் மட்டும் விளையாட வரமாட்டேன்னு நிப்பேனே, நீகூட சோம்பேறின்னு திட்டுவியே? இப்ப உண்டானப்புறம் அவ்வளவா இல்ல."

கறைக்காரி கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். அவளுக்குத் தன்னுடைய காலடி கேட்டது. அதற்கும் பின்னால், முப்பத்து நாலு வருஷத்துக்கு அப்பால், அம்மாவின் குரல் கேட்டது. படுக்கையிலிருந்து தலையைத் தூக்கி, அப்பாவிடம்: "மேல யாருங்க நடக்கறது? போய்ப் பாருங்களேன்." அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போவார். ஒரு சுற்றுச் சுற்றி, ஒன்றும் இல்லை என்று வருவார். மறுமாதமும் போவார்.

அந்த வீட்டுக்கு மாடியே கிடையாது.

மூன்று வாரம் கழித்துத் தாள் நிரம்பியது. டாக்டர் கூட்டிப் பார்த்தார். முப்பத்தெட்டு. மறுபடி கூட்டினார். அதே முப்பத்தெட்டு. "இது கம்மிம்மா. இப்படிப் போனா ஐந்தேகாலுக்கு இறங்காது. அப்ப குடல்லயோ வயித்துலயோ எங்கயோ ஒழுகுது." தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிறு சுத்தம். கீழ்வழியாகவும் பார்த்தார்கள், குடலும் சுத்தம். அடுத்து எலும்புக்குள்ளிருந்து ஊசியால் மஜ்ஜை எடுக்க வேண்டும் என்றார்கள். ஒரு மாதம் இப்படியே போயிற்று. தங்கச்சியின் நாளுக்கு நாலு வாரம்தான் இருந்தது. உடம்பில் ரத்தம் இல்லை, போன வழியும் தெரியவில்லை. ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்கார்ந்திருக்கையில், தன்னுள் எதுவோ கதவைத் திறக்காமலே வந்து எடுத்துக்கொண்டு போகிறது என்று அவளுக்குப் பட்டது.

அந்த எலும்பு ஊசிக்கு நாள் குறித்துக்கொண்டிருந்தபோதுதான் டாக்டர் பழைய தாளை மறுபடி கையில் எடுத்தார். எடுத்தவர் தடவிப் பார்த்தார்.

"இது ஏன் இப்படி அலையலையா இருக்கு? தண்ணி பட்டிருக்கா?"

"ஈரக் கையோட எழுதினது, டாக்டர்."

"ஏன் ஈரக் கை?"

"ஊறப்போட்ட துணியை எடுத்துப் பாத்துட்டுத்தானே எழுதணும்?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எதை எடுத்துப் பாத்துட்டு?"

"துணியைத்தான். அரைமணி ஊறவெச்சு, அலசி, மிச்சம் எவ்வளவு இருக்குன்னு பாத்து, படத்துக்கு நேரா..." இங்கே அவளுக்கே குரல் தேய்ந்தது.

டாக்டர் சிறிது நேரம் ஜன்னலைப் பார்த்தார். சிரிப்பை அடக்குகிறாரா அழுகையையா என்று தெரியவில்லை. "ஊறப்போடறதுக்கு முன்னாடி எப்படி இருக்கும்?"

"முன்னாடின்னா... பிழிஞ்சா ஓடும்."

"எத்தனை தடவை மாத்துவீங்க?"

"மொத மூணு நாள் மணிக்கு ஒண்ணு. கடையில வாளி பக்கத்துலயே இருக்கறதால சிரமம் இல்ல. ராத்திரி விரிப்பும் சேத்து மாத்தறது."

டாக்டர் அதே தாளின் பின்பக்கத்தில் புதிதாகக் கோடு போட்டார். நானூற்றைத் தாண்டியதும் நிறுத்திவிட்டார். பிறகு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். வேறு மாதிரிக் கேள்விகள் வந்தன. பல் பிடுங்கினால்? இரண்டு நாள் நிற்காது. கை கால் இடித்துக்கொண்டால்? தட்டு அகலத்துக்கு நீலம் பூக்கும். மூக்கில்? சின்ன வயதில் நிறைய. இது எல்லாமே அவர்கள் வீட்டில் வழக்கம். தங்கச்சிக்கும் உண்டு.

"அம்மாவுக்கு?"

கறைக்காரி சொன்னாள். முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னாள். ஏழு விரிப்பு, ஆறாம் நாள், மாடியில்லாத வீடு.

டாக்டர் கேட்டது ஒரே கேள்வி. "தங்கச்சிக்கு எப்போ நாள்?"

ரத்தம் வெளியூர்ச் சோதனைக்கூடத்துக்குப் போய், பத்து நாளில் பதில் வந்தது. காயம் பட்டால் ரத்தத்தை ஒட்டிப் பிடித்து அடைக்கும் பசை ஒன்று உண்டு. கறைக்காரியின் உடம்பில் அது பிறவியிலேயே குறைச்சல். தாய்வழியாக வரக்கூடியது. மாதாமாதம் அணை இல்லாமல் போய்க்கொண்டிருந்ததற்குக் காரணம் அதுதான். அவளுக்கு மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த மாதம் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்று ஆனபோது, எதையோ தொலைத்துவிட்டவள்போல் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

ஆனால் தங்கச்சியின் சோதனையில் குறையே இல்லை என்று வந்தது. எல்லாச் சிக்கலும் அங்கேதான் தொடங்கியது.

"அதை நம்பாதீங்க" என்றார் டாக்டர். "வயித்துல பிள்ளை இருக்கறப்ப உடம்பு அந்தப் பசையைத் தானே கூட்டி வெச்சுக்கும். பிரசவம் சுலபமா முடிஞ்சிடும். அப்புறம் ஒரு வாரத்துல மளமளன்னு இறங்கும். எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு. பிரசவம் இங்கதான் நடக்கணும். பத்து நாள் இங்கயே இருக்கணும்."

தங்கச்சி கேட்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரி இரண்டு பஸ் தூரம். சின்ன மருத்துவமனையில் மூன்றாம் நாள் வீடு. தங்கச்சியின் புருஷனும் சோதனைத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "நார்மல்னு அச்சடிச்சே வந்திருக்கேக்கா."

"நார்மல்ங்கற வார்த்தையை என் முன்னாடி சொல்லாதீங்க மாப்பிள்ளை. இருபத்தெட்டு வருஷமா டாக்டருக்கும் கடைக்கும் கண்ணாடிக்கும் அதைத்தான் சொல்லிட்டிருந்தேன்."

"உனக்கு இருக்குன்னா எனக்கும் இருக்கணுமா?" என்றாள் தங்கச்சி. "நீ பயந்தாங்கொள்ளிக்கா. மாடியில பேய் நடக்குதுன்னு ஊரையே கிளப்பி விட்டவதானே நீ?"

"அம்மா காய்ச்சல்ல சாகலை" என்றாள் கறைக்காரி.

அதற்குப் பிறகு அவள் நிறுத்தவில்லை. விரிப்புகளின் எண்ணிக்கை, அப்பா ஓடிய திசை, வாளித் தண்ணீரின் நிறம், தனக்கு வந்த அந்தச் சின்னப் பெருமை, எதையும் விடவில்லை. தங்கச்சி வயிற்றில் கைவைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"முப்பத்து நாலு வருஷமா என்கிட்ட பொய் சொன்னியா?"

"ஆமா."

"வெளிய போ."

அவள் வெளியே போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டிருக்கையில் உள்ளேயிருந்து குரல் வந்தது. "அந்த டாக்டரம்மா பேரையும் அறை நம்பரையும் மாப்பிள்ளைகிட்ட எழுதிக் குடுத்துட்டுப் போ."

பிள்ளை பிறந்தது. பெண். டாக்டர் சொன்னதுபோலவே சுலபமாக. முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் ஒன்றுமில்லை. நாலாம் நாள் தங்கச்சி எழுந்து நடந்து, ஜன்னலில் நின்று, பக்கத்துக் கட்டில்காரியோடு வம்பளந்தாள். ரத்தப் பரிசோதனையில் பசை இறங்க ஆரம்பித்திருந்தது. ஆனால் அது தாளில் மட்டும் இருக்கிற சேதி. ஐந்தாம் நாள் மாப்பிள்ளை, "கட்டிலை வேற யாருக்காவது விடலாமில்ல?" என்று நாசூக்காகக் கேட்டுப் பார்த்தார்.

ஆறாம் நாள் மத்தியானம் வார்டு முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தது. திரைச்சீலைகள் அசையவில்லை. குழந்தையும் தூங்கியது. கறைக்காரி வாளியில் குளிர்ந்த தண்ணீர் பிடித்துக்கொண்டு உள்ளே வரும்போது, தங்கச்சி கண்ணைத் திறந்தபடி கூரையைப் பார்த்துக் கிடந்தாள்.

"அக்கா. ஏதோ வெதுவெதுன்னு இருக்கு."

போர்வையை விலக்கினாள். விரிப்பில் இருந்தது சின்ன வட்டம்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வட்டம் ஓசையில்லாமல் விளிம்பை நகர்த்தியது. அவள் கை தானாகவே விரிப்பின் முனையைப் பிடித்து இழுத்தது, தண்ணீரைப் பார்த்து நீண்டது.

"தொடாதீங்க!" ஓடி வந்த நர்ஸ் அவள் கையிலிருந்து விரிப்பைப் பிடுங்கிக்கொண்டாள். "அப்படியே குடுங்க. எடை போடணும்."

கட்டிலுக்குப் பக்கத்தில் தராசு ஒன்று முதல் நாளிலிருந்தே இருந்தது. குழந்தையை நிறுப்பதற்கு என்று அவள் நினைத்திருந்தாள். நனைந்த துணியை அதில் வைத்து, காய்ந்த துணியின் எடையைக் கழித்து, நர்ஸ் பலகையில் எழுதினாள். நூற்றிருபது கிராம். டாக்டர் வந்தார். தங்கச்சியின் கையில் ஊசி ஏறியது. வெளியூரிலிருந்து முன்பே வரவழைத்துக் குளிர்பெட்டியில் காத்திருந்த மருந்து. கால்மணிக்கு ஒரு துணி. கறைக்காரிதான் எடுத்துக் கொடுத்தாள், எடுத்தபடியே, சொட்டச் சொட்ட. தராசின் சிவப்பு எண்கள் ஒருமுறை நடுங்கி நின்றன. நூற்றுப் பத்து.

தங்கச்சியின் உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. "எவ்வளவு?" என்று கேட்டாள்.

"நூத்திப் பத்து."

"நிஜமாவா?"

"நிஜமா. மொதல்ல நூத்தி இருபது."

"பரவால்ல. இப்பவாச்சும் உள்ளதைச் சொல்றே."

அடுத்த துணி எழுபது. அதற்கடுத்தது எழுபத்தைந்து. டாக்டர் இன்னொரு ஊசி போட்டார். வார்டில் ஒவ்வொருவராக விழித்து, எழுந்து உட்கார்ந்து, அந்தத் தராசையே பார்த்தார்கள். மாப்பிள்ளை குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார், உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. நாற்பது. முப்பத்திரண்டு. கறைக்காரி ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொன்னாள். பதினெட்டு என்றபோது டாக்டர் முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்தார். அதற்கடுத்த துணியை நர்ஸ் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"ஆறு" என்றாள். "நின்னுடுச்சும்மா."

தங்கச்சி தலையைத் திருப்பிப் பார்த்தபோது அக்காவைக் காணோம். எட்டிப் பார்த்தாள். கட்டிலுக்கும் தராசுக்கும் நடுவில், தரையில், காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா, தரையில உக்காந்துட்டே?"

"நாற்காலி தூரமா இருக்குடி."